லிம்போசைட் எழுபது, வயது நாலு

போன மாதம் ஒரு நாள் காலையில் கீழ்வீட்டு மகாலட்சுமி கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். அவளுடைய ரெண்டரை வயதுப் பையனுக்குக் காய்ச்சல் என்று முந்தின நாள் ரத்தம் கொடுத்திருந்தார்கள். இப்போதெல்லாம் ரிப்போர்ட் டாக்டர் கைக்குப் போகும் முன்னே பெற்றவள் போனுக்கு வந்துவிடுகிறது. லிம்போசைட் என்ற வரிக்கு நேராக 'அதிகம்' என்று சிவப்பில் போட்டிருந்தது.

"அண்ணாச்சி, நெட்டுல தட்டிப் பாத்தேன். என்னென்னமோ வருது. ஈரக்குலையே நடுங்குது. இது அதுவா, இல்லையா? உண்மையைச் சொல்லிருங்க."

'அது' என்றால் எது என்று நான் கேட்கவில்லை. ரத்தப் புற்று என்ற சொல்லை வாயால் சொன்னாலே வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் நாங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கும் அந்தச் சொல் லேசில் வாயில் வராது. ரிப்போர்ட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். மற்ற கணக்கெல்லாம் ஒழுங்காக இருந்தது.

"பயப்படாத தாயி. ரெண்டரை வயசுப் பிள்ளைக்கு லிம்போசைட் கூடத்தான் இருக்கும். அந்த மிஷின் பெரிய ஆளுக்குள்ள கணக்கை வச்சுக்கிட்டு சிவப்பு அடிக்குது."

"நெசமாவா?"

"நெசந்தான். ஆனா பிள்ளையத் தூக்கிட்டு வா. அவன் பல்லைப் பாக்கணும்."

தெளிந்துகொண்டிருந்த முகம் மறுபடி வெளுத்துவிட்டது. "ரத்தத்துல சிவப்புன்னு வந்தா நீங்க பல்லைப் பாக்கணும்ங்கீங்களே! என்னத்தையோ மறைக்கீங்க அண்ணாச்சி."

"ஒண்ணும் மறைக்கல. போய்த் தூக்கிட்டு வா, சொல்லுதேன்."

என்னோடு வேலை பார்த்தவர்கள் ரொம்ப நாளாக வாட்ஸ்அப் குழுவில், அனுபவத்தை எழுதுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு எழுத என்ன இருக்கிறது? நான் பயந்தாங்கொள்ளி. சின்ன வயதில் ஆற்றில் இறங்கப் பயம், வளர்ந்த பிறகு ரத்தம் பார்க்கப் பயம். அப்படிப்பட்டவனுக்கு இந்த வேலை வாய்த்தது தலையெழுத்து. அன்று மகாலட்சுமிக்குச் சொன்னதையே இங்கே எழுதிவிடுகிறேன்.

படித்த கதையில் சொல்ல ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் லேப் படிப்பு. முதல் தடவை ஊசி குத்தி ரத்தம் எடுத்தபோது மயங்கி விழுந்தது நோயாளி அல்ல, நான். எழுப்பித் தண்ணீர் கொடுத்ததே அந்த நோயாளிதான். எப்படியோ தேறி, திருநெல்வேலி டவுணில் ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், குழந்தைகளுக்கான தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கடைசிவரை அங்கேதான் இருந்தேன்.

லேப்புக்குப் பொறுப்பு சிவகாமி டாக்டரம்மா. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, கனத்த கண்ணாடி. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் செருப்புச் சத்தம் படியில் கேட்டால் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவோம். ரத்தம் தடவிய ஸ்லைடை நீட்டினால் உடனே வாங்கமாட்டார். "வயசு?" என்பார். சொன்ன பிறகுதான் கை நீளும். பெயர் கேட்கமாட்டார், ஊர் கேட்கமாட்டார், என்ன நோய் என்றுகூட அப்புறம்தான் கேட்பார்.

அன்றைக்கு எங்களிடம் இப்போதுபோல் மிஷின் கிடையாது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் வைத்து, இன்னொரு சில்லைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். நாக்கு மாதிரி வர வேண்டும். கை தயங்கினால் திட்டுத் திட்டாகிவிடும். அதைக் காயவைத்து, சாயம் ஊற்றி, கழுவி, எண்ணெய்ச் சொட்டு விட்டு, நாக்கின் நுனிப் பக்கமாகப் பார்த்து நூறு வெள்ளை அணுக்களை எண்ண வேண்டும். அதில் இரண்டு வகைதான் முக்கால்வாசிக்கு மேல். கிருமியைக் கண்டதும் பாய்ந்து விழுங்குகிற நியூட்ரோஃபில் ஒன்று. கிருமியை அடையாளம் கண்டு ஞாபகம் வைத்துக்கொள்கிற லிம்போசைட் இன்னொன்று.

டாக்டரம்மாவுக்குப் பயம் வந்தால் அது முகத்தில் தெரியாது. மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கும் சில்லை மெல்லிய துணியால் துடைப்பார். ஒரு தடவை துடைத்தால் தூசி என்று வைத்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு இன்னொரு தடவை துடைத்தால் அது தூசி இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பச்சைப் பிள்ளையின் ரத்தம் வந்தது. பிறந்த மறுநாள். நியூட்ரோஃபில்தான் அதிகம். கொஞ்ச நாள் கழித்து அதே பிள்ளைக்கு மறுபடி எண்ணினால் எல்லாம் தலைகீழாக இருக்கிறது, லிம்போசைட் மேலே ஏறி நிற்கிறது. வேறு பிள்ளையின் ரத்தத்தை இந்தப் பிள்ளை பேரில் போட்டுவிட்டேன், வேலை போச்சு, ஜெயில்தான் என்றே நினைத்துவிட்டேன். டாக்டரம்மா முன்னால் போய் நின்று உளறினேன்.

அவர் ரெண்டு ஸ்லைடையும் பார்த்தார். ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை.

"ரத்தம் மாறல சங்கரன். பிள்ளை மாறியிருக்கு. இதுல ரெண்டு திருப்பம் உண்டும். பிறந்து கொஞ்ச நாள்ல லிம்போசைட் மேல போயிரும். நாலஞ்சு வயசுல மறுபடி கீழ வரும். அதுக்கு அப்புறந்தான் நம்மளப் போல. உலகத்துல உள்ள கிருமியையெல்லாம் பிள்ளை புதுசாப் பாக்குல்லா, அதையெல்லாம் படிக்க லிம்போசைட் நெறைய வேணும். இப்ப போய் காபி குடிங்க."

அதன் பிறகு சாத்தான்குளத்துப் பக்கமிருந்து ஒரு வாத்தியார் குடும்பம் வந்தது. பிள்ளைக்கு ஒண்ணரை வயது. எங்கள் ரிப்போர்ட் தாளில் பெரியவர்களுக்கான அளவைத்தான் பிரஸ்ஸில் அச்சடித்து வைத்திருந்தோம். அதைப் பார்த்து வாத்தியார் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நேரே திருச்செந்தூருக்குப் போய் அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு எங்கள் முன்னால் வந்து நின்றார்கள்.

"முருகனுக்கு நேந்து முடி இறக்கிட்டோம். இப்ப லிம்போசைட் இறங்கியிருக்கான்னு பாருங்க."

இறங்கவில்லை. வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை போல அழுதார். டாக்டரம்மா வெளியே வந்து, "சார், இது இன்னும் மூணு வருசத்துக்கு இறங்காது, இறங்கவும் கூடாது" என்று விளக்கிச் சொன்னார். அவர் அழுது முடித்ததும் மனைவி கேட்டாள், "அப்போ என் முடி?" அடுத்த வாரமே வயதுக்குத் தக்கபடி அளவு போட்டுப் புதுத் தாள் அச்சடித்துவிட்டோம்.

அன்றிலிருந்து நாங்களெல்லாம் ஒரு பாட்டைப் படிக்கப் பழகிவிட்டோம். லிம்போசைட் கூடியிருக்கிறதே என்று யார் வந்தாலும், "சின்னப் பிள்ளைக்குக் கூடத்தான் இருக்கும்" என்போம். டாக்டரம்மாவுக்கு அது பிடிக்காது. "வயசைப் பாத்துச் சொல்லுங்க, வாய்ப்பாடா ஒப்பிக்காதீங்க" என்பார். இந்த இடத்தில்தான் ஆயிஷா வருகிறாள்.

வருஷங்கள் பல ஓடிய பிறகு, பத்தமடையிலிருந்து மும்தாஜ் என்று ஒரு பெண், தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். மும்தாஜின் விரல் நுனியெல்லாம் பாய்க்கோரைச் சாயம் ஏறிச் சிவந்திருக்கும். புருஷன் சவூதியில் இருந்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, கால் வலிக்கிறது என்று நடக்கமாட்டேன் என்கிறாள். மேலே குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்க அனுப்பியிருந்தார்.

சிறு கூடு போன்ற உடம்பு. ஆனால் வாய் மட்டும் ஏழு ஊருக்குப் போதும்.

"ஏட்டி, உன் பேரென்ன?"

"ஆயிஷா. ஊசி குத்தினா கடிச்சிருவேன்."

"கடி, கடி. எத்தனை வயசு?"

"நாலு!" பட்டென்று நாலு விரலைக் காட்டினாள். காட்டிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மும்தாஜ் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். வெட்கப்படுகிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டு நான் நாலு என்று எழுதினேன்.

எண்ணிப் பார்த்தால் லிம்போசைட் எழுபது. நாலு வயதுக்குக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் காய்ச்சல் பிள்ளை. ரத்தம் கொஞ்சம் குறைவு. எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்குக் குறைவில்லை? ரத்தம் உறைய உதவுகிற தட்டணுவும் லேசாகக் குறைந்திருந்தது. காய்ச்சலில் அதுவும் குறையும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது.

"வயசு?" என்றார் டாக்டரம்மா.

"நாலு, மேடம்."

வாங்கிப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. கண் வைக்கும் சில்லைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"பிள்ளை போயிருச்சா?"

"வெளிய பெஞ்சுல இருக்கு மேடம்."

அது அவருடைய வழக்கம். மனதுக்கு ஒப்பாவிட்டால் ரத்தத்தின் சொந்தக்காரரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். வெளியே வந்து ஆயிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கழுத்தைத் தடவினார், காலில் நீலம் பாய்ந்த இடங்களைப் பார்த்தார். "ஊசி குத்தின இந்த மாமாவை நீ கடிக்கவே இல்லையாமே" என்றார். ஆயிஷா சிரித்தாள். உடனே கை வாய்க்குப் போயிற்று.

"எதுக்கு வாயப் பொத்துத? கைய எடு, பாப்போம்."

ஆயிஷா உம்மாவைப் பார்த்தாள். மும்தாஜ் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா பைய அந்தக் கையை விலக்கினார். கீழ்வரிசை முன்பல் ரெண்டும் விழுந்து, அந்த இடத்தில் ரம்பம் போல விளிம்போடு புதுப்பல் முளைத்திருந்தது. மேல்வரிசையிலும் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நாலு வயதில் யாருக்குப் பல் விழும்?

"மும்தாஜ், இவளுக்கு என்ன வயசு?"

"நாலு, டாக்டரம்மா."

"அம்மா, இது பஸ் இல்ல."

அவர் அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எங்கள் பக்கத்து பஸ்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சட்டம் என்னவோ, அஞ்சு வயது ஆகாத பிள்ளை மடியில் உட்கார்ந்தால் கண்டக்டர் கண்டுகொள்ளமாட்டார். தாண்டினால் பன்னெண்டு வரை அரை டிக்கெட். அதனால் உடம்பு சிறுத்த பிள்ளைகளெல்லாம் எங்கள் பஸ்களில் வருஷக்கணக்காக நாலு வயதிலேயே இருப்பார்கள். யார் கேட்டாலும் நாலு என்று சொல்லணும், பல் விழுந்தது தெரியாமல் வாயைப் பொத்திக்கொள்ளணும் என்று ஆயிஷாவுக்குப் பழக்கியிருந்தார்கள். அவள் அதைக் கண்டக்டருக்குச் சொன்னது போலவே எனக்கும் சொல்லிவிட்டாள்.

"நானும் சேரன்மகாதேவி பஸ்ல வந்து படிச்சவதான். சொல்லு, என்ன வயசு?"

மும்தாஜ் அழ ஆரம்பித்தாள். "ஆறு முடிஞ்சு ஏழு நடக்கு, டாக்டரம்மா. பிள்ளை சொல்லிட்டா, மாத்திச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. வயசுல என்ன இருக்குன்னு நினைச்சேன்."

டாக்டரம்மா எழுந்து உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் மறுபடி அந்த ஸ்லைடில் கண் வைத்தார். இந்தத் தடவை ரொம்ப நேரம் பார்த்தார், துடைக்கவே இல்லை. துடைத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

"இங்க வந்து பாருங்க சங்கரன். காய்ச்சல்ல வர்ற லிம்போசைட்டு ஒண்ணு பெருசா இருக்கும், ஒண்ணு சிறுசா இருக்கும், ஒண்ணு சட்டையக் கழட்டி விரிச்சாப்புல கெடக்கும். ஆளுக்கொரு முகம் இருக்கும். இது எப்படி இருக்கு?"

பார்த்தேன். ஒரே அச்சு. சின்னப் பிள்ளையின் லிம்போசைட் என்று நான் எண்ணித் தள்ளியவற்றில் பாதிக்கு ஒரே முகம். மூலையிலிருந்த முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"நாலு வயசுலயும் இது வரும், வராமயில்ல" என்றார் டாக்டரம்மா. "நாலுன்னு காதுல விழுந்ததும் குழந்தை ரத்தம்னு கண்ணு கொஞ்சம் அசந்துபோச்சு. காய்ச்சல் விட்டதும் வாங்கன்னு எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அப்பவே மனசு ஒப்பல."

காய்ச்சல் விட்டதும் வாருங்கள் என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னை யாரும் கேட்க வேண்டாம். அந்த நோய் யாருக்காகவும் காத்திருக்காது. இடையில் காய்ச்சலுக்கென்று யாராவது கண்ட மருந்தைக் கொடுத்து, அந்த அணுக்கள் கொஞ்ச நாள் பதுங்கி, எல்லோரும் குணமாகிவிட்டது என்று நினைத்திருப்போம்.

டாக்டரம்மா அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசினார். எலும்புக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்று மும்தாஜிடம் மறைக்காமல் சொன்னார். மும்தாஜ் கேட்டது ஒன்றுதான். "நான் பொய் சொன்னதுக்கா, டாக்டரம்மா?"

"பொய்க்கு நோய் வராதும்மா. அப்படி வந்தா இந்த டவுண்ல ஒரு ஆள் மிஞ்சமாட்டான். நீ இப்ப உண்மையச் சொன்னே பாத்தியா, அதுதான் பிள்ளைக்கு உதவும்."

உதவுமா என்று அவருக்கும் தெரியாது. உள்ளே வந்ததும் கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் பார்க்காதது போல வெளியே வந்துவிட்டேன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகாலட்சுமி பையனை என் மடியில் உட்காரவைத்திருந்தாள். அவன் வாயைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். கருப்பட்டி மிட்டாயைக் காட்டியதும் திறந்தான். எல்லாம் பால் பல். பின்னால் கடைசிக் கடைவாய்ப்பல் இப்போதுதான் முட்டிக்கொண்டிருந்தது. ரெண்டரைதான், சந்தேகமே இல்லை. அவனுக்குப் பேர் வைத்த அன்று போய்ச் சாப்பிட்டு வந்தவன் நான். எனக்கு அவன் வயது தெரியாதா? தெரியும். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"ஒண்ணுமில்ல தாயி. காய்ச்சலுக்கு டாக்டர்ட்ட காட்டு. சிவப்பைப் பாத்துப் பதறாத."

அவள் பையனை வாங்கி இறுக்கிக்கொண்டாள். நகரவில்லை. "அந்தப் பிள்ளை என்ன ஆச்சு, அண்ணாச்சி?"

அதுவேதான். பெரிய ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். தகப்பன் சவூதியிலிருந்து வந்து சேர்ந்தான். வைத்தியம் வருஷக்கணக்கில் நடந்தது. முடியெல்லாம் கொட்டி, முகம் வீங்கி, ஆயிஷாவின் வாய் மூடிப்போயிற்று. அந்த வாய் மூடியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இடையிடையே ரத்தம் எண்ணிப் பார்க்க எங்கள் லேப்புக்குத்தான் வருவார்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டு, கண் வைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒரே முகம் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான். சாமி கும்பிட்டுவிட்டுத்தான் குனிவேன்.

மும்தாஜ் என்னிடம் முடிவு கேட்கமாட்டாள். வெளியே நின்று என் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். முகத்தில் எதையும் காட்டாமல் வருவதற்கு நான் படாத பாடுபட்டேன். டாக்டரம்மாவுக்கு அது கைவந்த கலை, எனக்கு வரவில்லை. நல்லபடியாக இருந்த நாட்களிலும் என் முகம் பேயறைந்த மாதிரிதான் இருக்குமாம். "அண்ணாச்சி, நீங்க சிரிச்சுக்கிட்டே வாங்களேன், உசுரு போயிட்டு வருது" என்று ஒரு நாள் கெஞ்சினாள்.

வைத்தியம் முடிந்தது. டாக்டரம்மா ஓய்வு பெற்றார். மிஷின் வந்தது. ஆயிஷா சோதனைக்கு வருவது குறைந்துகொண்டே போனது. குறைந்தாலும் என் பயம் குறையவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. மிஷின் சரி என்று சொன்ன பிறகும் அவள் ரத்தத்துக்கு மட்டும் நான் ஸ்லைடு இழுத்துப் பார்ப்பேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் உம்மாவும் மகளும் வந்தார்கள். ஆயிஷா உம்மா தோளுக்கு வளர்ந்திருந்தாள். தலை நிறைய முடி, ரெட்டைச் சடை. மும்தாஜ் ரத்தம் எடுக்கும் நாற்காலிப் பக்கம் வந்து, கைக்குள் மடித்து வைத்திருந்த பஸ் டிக்கெட்டை என் மேஜைமேல் வைத்து நீவிவிட்டாள்.

"இதைப் பாருங்க, அண்ணாச்சி."

"என்னம்மா இது?"

"முழு டிக்கெட். கண்டக்டர் இவளைப் பாத்துட்டு அரை டிக்கெட்தான் கிழிச்சாரு. நான் விடல. அந்த டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்து, என் மவளுக்குப் பன்னெண்டு முடிஞ்சிருச்சு, முழு டிக்கெட் குடுங்கன்னு கேட்டு வாங்கினேன்."

"பஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாத்தாவ, மாமா" என்றாள் ஆயிஷா. "என் மானமே போச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. வரிசையாக எல்லாப் பல்லும் இருந்தன.

அவள் கையில் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடினேன். ஸ்லைடில் ஒரே முகம் தெரிந்துவிடுமோ என்ற பயம் மட்டும் போகவே இல்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, டியூபில் ஒட்டும் சீட்டை எடுத்தேன். டாக்டரம்மா இருந்தால் கேட்பது போல, "வயசு?" என்றேன்.

ஆயிஷா வாயைத் திறக்கும் முன்னே மும்தாஜ் முந்திக்கொண்டாள்.

"பன்னெண்டு, அண்ணாச்சி. நல்லாத் தெரியும்படி எழுதுங்க. பன்னெண்டு."